மீன் கொண்டு வராத செபஸ்தியாம்பிள்ளை

மீன் பிடிக்கப் போகிற மனிசன் மீனோடுதான் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று எங்கே எழுதி வைத்திருக்கிறது? எனக்குத் தெரியாது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் பல்கலைக்கழகம் வரைக்கும் படித்தவர்களும் எங்கள் மாதா கோயில் மண்டபத்தில் ரோல்ஸைக் கடித்துக்கொண்டு அப்படித்தான் தீர்ப்புச் சொன்னார்கள். ஒரு பாவமும் அறியாத மனிசனுக்கு அமெரிக்காவில் ஒரு பொம்பிளையை உண்டாக்கினார்கள். அவளுக்குத் தலைமயிர் என்ன நிறம், எங்கே வேலை செய்கிறாள் என்பது வரைக்கும் சொன்னார்கள். நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

மனிசனுடைய பெயர் செபஸ்தியாம்பிள்ளை. மன்னார் ஆள். மொன்றியலில், கார்ட்டியர்வில்லில், என்னுடைய டெப்பனருக்கு, அதுதான் மூலைக்கடைக்கு, நேர் மேலே, இரண்டாம் மாடியில் குடியிருந்தார். அவர் நடந்தால் என் கடை முகடு சொல்லும். மனிசி சிசிலி, ஒரே மகள் றொஷினி. அவருக்குச் சென் லோரோனில் ஜன்னல் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் கண்ணாடி பூட்டுகிற வேலை. வார நாட்களில் அது, சனி ஞாயிறில் ஒரு ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவுகிற வேலை. அப்படியே வருசக்கணக்கு. அவர் ஆரைப் பற்றியும் ஒரு கதை சொல்லி நான் கேட்டதில்லை. அது ஒரு பெரிய குறைதான், ஆனாலும் நல்ல மனிசன்.

மகள் படித்து முடித்து ஒரு பல் டொக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் மாதமே தகப்பனின் கோப்பை கழுவுகிற வேலையை அவளே ரெலிபோன் எடுத்து நிப்பாட்டிவிட்டாள். கனடாவுக்கு வந்த பிறகு முதன்முதலாக மனிசனுக்கு ஒரு சனிக்கிழமை சும்மா கிடைத்தது. சும்மா கிடைத்த சனிக்கிழமையை என்ன செய்வது என்று தெரியாமல் என் கடைக்குள் வந்து பால் பெட்டிகளை நேராக அடுக்கினார். நல்ல காலமாக, அவரோடு தொழிற்சாலையில் வேலை செய்த பற்றிக் என்ற கியூபெக்காரனிடம் ஒரு சின்ன போட் இருந்தது. அவன் இவரை ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

அந்த ஏரி ஷாம்ப்ளேன். மொன்றியலிலிருந்து தெற்கே ஓடினால் எல்லை, எல்லையைத் தாண்டினால் அமெரிக்கா, பிறகு ஏரி. ஏரி என்று சொல்லுகிறோம், நின்று பார்த்தால் கடல் மாதிரித்தான் கிடக்கிறது. அங்கே பாஸ் என்று ஒரு மீன். இளவேனில் தொடங்கின கையோடு அதைப் பிடிக்கலாம், ஆனால் ஜூன் நடுப்பகுதி வரைக்கும் கொண்டுபோகக் கூடாது. பிடித்தால் அந்த இடத்திலேயே தண்ணீரில் விடவேண்டும். புழுவும் போடக் கூடாது. றப்பரிலும் தகரத்திலும் செய்த பொய் இரைதான். மீன் முட்டையிடுகிற காலம் அது, ஆனபடியால் அந்த ஒழுங்கு. ஜூன் நடுப்பகுதி வந்தால் பற்றிக் போட்டைக் கட்டிக்கொண்டு வடக்கே தன் ஊருக்குப் போய்விடுவான், இவருக்குக் கிடைத்தது அந்த விடுகிற காலத்துச் சனிக்கிழமைகள் மட்டும்தான். சனிக்கிழமை வெள்ளென எழும்பிப் போவார், பின்னேரம் வெறுங்கையோடு வருவார். முகம் வெயிலில் சிவந்திருக்கும். வாய்க்குள் ஏதோ பாட்டு.

முதல் வருசம் சனம் சிரித்தது.

"பிடிச்சுப்போட்டு விடுறதோ? அப்ப ஏன் பிடிக்கிறது?"

"விசர் முத்தீட்டுது. கோப்பை கழுவின ஆளெல்லே, எடுக்கிறதும் திருப்பி வைக்கிறதும்தான் பழக்கம்."

சிரித்தது பரவாயில்லை. நானும் சிரித்தேன், கடையில் நின்று சிரிக்காமல் என்ன செய்வது? இரண்டாம் வருசம், அது இரண்டாயிரத்து ஏழு, சிரிப்பு நின்றது. யோசிக்கத் தொடங்கினார்கள். எங்கள் சனம் சிரிக்கிறபோது ஆபத்தில்லை. யோசிக்கத் தொடங்கினால்தான் ஆபத்து.

முதலில் யோசித்தவர் அக்னெஸ் அக்கா. கோயிலில் பாட்டுக்குழு நடத்துகிறவர். நல்ல குரல். பூசை முடிந்த பிறகும் அந்தக் குரல் ஓய்கிறதில்லை. ஒருநாள் என் கடைக்கு வந்தார்.

"தம்பி, நீர் மீன் பிடிக்கிற புழு விக்கிறனீர் என்ன?"

"ஓம் அக்கா. பிறிஜ்ஜில, பாலுக்குக் கீழ்த் தட்டில இருக்கு. வேணுமோ?"

"சீ! எனக்கேன் புழு? உவர் செபஸ்தியாம்பிள்ளை வாங்கிறவரோ?"

"இல்லை."

"ஒருநாளும் வாங்கேல்லையோ?"

"ஒருநாளும் வாங்கேல்லை. ஏனெண்டால் அங்க..."

"சரி சரி, ஒரு பால் தாரும்."

அங்கே புழு போடக் கூடாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மனிசி பாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மண்டபத்துக்குள் போனால், 'கடைக்காரரே சொன்னவர், புழு வாங்கிறதில்லையாம்' என்று என் பேரைச் சொல்லியே என்னிடம் சொல்லுகிறார்கள்! நான் சொன்னது முழு உண்மை. அதில் பாதியை வெட்டிக்கொண்டு போனது ஆர்?

பிறகு ஒன்றின்மேல் ஒன்றாக ஏறியது. மீன் பிடிக்கப் போகிற மனிசனில் மீன் மணம் இல்லை. கார் பின்பெட்டியில் ஒரு செதிள் இல்லை. புதுத் தொப்பி வாங்கியிருக்கிறார். வயது போன நேரத்தில் வாய்க்குள் பாட்டு வேறு. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் விடை ஒன்றுதானாம்: எல்லைக்கு அங்கால் ஒரு பொம்பிளை. தலைமயிர் செம்பட்டை. பெற்றோல் ஸ்ரேசனில் வேலை.

பற்றிக் எடுத்துக் கொடுத்த படங்களைச் செபஸ்தியாம்பிள்ளை கொண்டுவந்து காட்டினார். ஒவ்வொன்றிலும் கையில் ஒரு மீன். அக்னெஸ் அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எல்லாத்திலயும் ஒரே மீனெல்லே!"

"இல்லை அக்கா, வேறை வேறை மீன்," என்றார் இவர்.

"ஒண்டை வாங்கி ஐஸில வச்சால் ஒவ்வொரு கிழமையும் தூக்கிப் பிடிச்சுப் படம் எடுக்கலாம்தானே தம்பி. நான் சும்மா சொல்லுறன், குறை நினையாதேயும்."

பாருங்கள் இந்த மூளையை! இந்த மூளையோடு ஒருத்தி பாட்டுக்குழு நடத்திக்கொண்டிருக்கிறாள்.

இந்தக் கதை மண்டபத்தோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு கொதிக்கமாட்டேன். ஆனால் அந்த ஜூன் மாதம் றொஷினிக்குக் கலியாணம் நிச்சயம் செய்து மோதிரம் மாற்ற நாள் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை டனிஸ்ரன், நல்ல பெடியன். இரண்டு பேரும் தாங்களே விரும்பி, பிறகு பெரியவர்கள் பேசி முடித்தது. தகப்பன் குணரத்தினம், தாய் கிறேஸ். கர்க்லாண்டில் சொந்த வீடு, இரண்டு கார் நிற்கிற கராஜ். குணரத்தினம் அதிகம் கதைக்கமாட்டார். அவருக்கும் சேர்த்துக் கிறேஸ் கதைப்பார். அந்தக் கிறேஸின் காதில் அக்னெஸ் அக்கா ஊதிவிட்டார்.

மே மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம் குணரத்தினமும் கிறேஸும் செபஸ்தியாம்பிள்ளையின் வீட்டுக்கு வந்தார்கள். சிசிலி அக்கா ரெலிபோனில் கேட்டபடி நான் சோடாப் போத்தல்களைக் கொண்டு மேலே போனேன். கொடுத்துவிட்டு இறங்கியிருக்கலாம். ஆனால் கதை தொடங்கிவிட்டது. போத்தல்களை மேசையில் மெல்ல மெல்ல அடுக்கினேன்.

"நாங்கள் ஒண்டும் சொல்லேல்லை அண்ணை," என்று தொடங்கினார் கிறேஸ். "சனம்தான் சொல்லுது."

"என்னவாம் சனம்?" என்றார் செபஸ்தியாம்பிள்ளை.

"அது என்ர வாயால சொல்ல ஏலாது. நான் ஒண்டுதான் கேக்கிறன். ஒரு மீன் கொண்டு வாங்கோ. ஒரேயொரு மீன். மண்டபத்தில எல்லாருக்கும் முன்னால கொண்டந்து காட்டுங்கோ. எல்லாற்ற வாயும் மூடும். பேந்து மோதிரத்தை மாத்துவம்."

"கொண்டு வரேலாது."

"ஏன்?"

"இந்த மாசம் கொண்டு வரக் கூடாது. சட்டம்."

"அன்ரி, அது ஸ்போர்ட்," என்றாள் றொஷினி. அவளுடைய கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "பிடிச்சிட்டு விடுறது. நிறையப் பேர் அப்பிடிச் செய்யினம்."

"பிள்ளை, நான் பாசையூரில பிறந்தனான். எங்கட அப்பு கடலுக்குப் போய் மீனை விட்டிட்டு வந்திருந்தால் அம்மா அவரையும் கடலிலயே விட்டிருப்பா. எனக்கு மீனைப் பற்றிப் படிப்பிக்காதையும்."

"அப்ப மீன் வராட்டி?" என்று கேட்டார் சிசிலி அக்கா, குசினி வாசலில் நின்று.

கிறேஸ் தன் கைப்பையின் பூட்டைத் திறந்து மூடினார். "மீன் வராட்டி மோதிரமும் வராது அக்கா. எங்களுக்கும் மானம் மரியாதை இருக்கெல்லே?"

குணரத்தினம் முறுக்கைக் கடிப்பதை நிற்பாட்டினார். அவ்வளவுதான் அவருடைய எதிர்ப்பு.

எனக்கு ஒரு யோசனை வந்தது. செபஸ்தியாம்பிள்ளையை ஒதுக்கமாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன்.

"அண்ணை, சீனாக்காரன்ர கடையில உயிர் மீனே தொட்டியில நிக்குது. ஒண்டைத் தூக்கிக் கொண்டுவருவம். ஆருக்குத் தெரியப்போகுது?"

அந்த மனிசன் கோபப்பட்டு நான் அன்றைக்குத்தான் முதல் முறை பார்த்தேன். "நான் பிடிச்சனான். விட்டனான். அது உண்மை. உண்மைக்கு நான் ஏன் கடையில சாட்சி வாங்கோணும்? நீயும் உவையளோட சேந்தவன்தான், போ!"

திரும்பிச் சோடாப் போத்தல்களிடமே வந்தேன். அவர் சொன்னது சரி, அதுதான் கூடச் சுட்டது.

கிறேஸைப் பார்த்து சிசிலி அக்காதான் பிறகு பேசினார். "இந்தாளோட நான் குடும்பம் நடத்தி ஒரு பிள்ளையையும் வளத்தெடுத்திட்டன். ரெண்டாவது பொம்பிளைக்கு நேரம் ஒதுக்கிற அளவுக்கு இவருக்குத் திட்டம் போடத் தெரியாது. ரெண்டு காலுக்கும் ஒரே நிறத்தில சொக்ஸ் எடுக்கவே தெரியாது. அது எனக்குக் காணும். உங்களுக்குக் காணாது எண்டால், மீன் இஞ்ச வரேலாது, உங்கட கண் அங்க போகட்டும். உங்கட மனுசனை அனுப்புங்கோ."

கிறேஸ் தன் புருசனைப் பார்த்தார். அவரைத் தனியாக அனுப்பலாமோ என்று எடை போட்ட பார்வை. "கடைக்காரரும் கூடப் போகட்டும். எங்கட ஆள் ஒரு ஏமாளி," என்றார்.

அப்படித்தான் அடுத்த சனிக்கிழமை நான் கடையை மச்சானிடம் விட்டுவிட்டு அமெரிக்காவுக்குப் போனேன். போட்டில் மூன்று பேர்தான் இருக்கலாம், ஆனபடியால் பற்றிக், தான் வரவில்லை, நீங்கள் போட்டை எடுங்கள் என்று சொல்லித் திறப்பைக் கொடுத்திருந்தான். குணரத்தினம் கோயிலுக்குப் போடுகிற கோட்டும் தோல் சப்பாத்தும் போட்டு வந்தார். நீதவான் பார்வை.

எல்லையில் அதிகாரி காரை மறித்தான். இடுப்பில் துவக்கு. எங்கே போகிறீர்கள் என்று கேட்டான். மீன் பிடிக்க என்றார் செபஸ்தியாம்பிள்ளை. ஐஸ் பெட்டியைத் திறக்கச் சொன்னான். உள்ளே சிசிலி அக்கா கட்டித் தந்த புட்டும் மீன் கட்லட்டும். மணத்தில் அவனுடைய மூக்கு ஒருமுறை அசைந்தது. திரும்பும்போது மீன் கொண்டு வருவீர்களோ என்று கேட்டான்.

"இல்லை சேர். இப்ப பாஸ் விடுற காலம்," என்று ஆங்கிலத்தில் சொன்னார் இவர்.

அவன் தலையை ஆட்டி, நல்லாய்ப் பிடியுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டான். அவ்வளவுதான்! துவக்கு வைத்திருக்கிறவன், பொய் பிடிக்கிறதுக்கென்றே சம்பளம் வாங்குகிறவன், ஒரு சொல்லில் நம்பினான். இந்த மனிசனோடு ஒரே வரிசையில் நின்று நற்கருணை வாங்குகிறவர்கள் நம்பவில்லை. எனக்கு நெஞ்சுக்குள் கொதித்தது. பின் சீற்றில் இருந்தபடி குணரத்தினத்தின் பிடரியைப் பார்த்து இரண்டு வார்த்தை சொல்லவேண்டும் போல இருந்தது. கட்லட் வாய்க்குள் இருந்ததால் சொல்லவில்லை.

ஏரிக்கரையில் குளிர். மே மாதக் கடைசி என்று ஆருக்கும் தெரியாத மாதிரி ஒரு காற்று. செபஸ்தியாம்பிள்ளை ஒருநாளுக்கு மீன் பிடிக்கிற அனுமதியை எங்களுக்கும் எடுத்துத் தந்து, போட்டைத் தண்ணீரில் இறக்கும்போது நாயோடு போன ஒரு வெள்ளைக்காரி அவருக்குக் கை காட்டினாள். குணரத்தினம் நிமிர்ந்தார்.

"ஆர் அது?"

"தெரியாது. இஞ்ச எல்லாரும் எல்லாருக்கும் கை காட்டுறவை."

"எல்லாருக்குமோ?"

அவள் கிட்ட வந்ததும் பார்த்தோம். எழுபதுக்குக் குறையாது. பல்லும் தன்னுடையதில்லை. எனக்கும் கை காட்டினாள். குணரத்தினத்துக்கும் காட்டினாள். அவர் தன் கையைப் பொக்கற்றுக்குள் ஒளித்தார்.

காலை முழுக்க ஒன்றும் அகப்படவில்லை. செபஸ்தியாம்பிள்ளை பாறைகள் தெரிகிற ஆழமில்லாத பக்கமாகப் போட்டை மெல்ல விட்டுக்கொண்டு, றப்பர் இரையை எறிவதும் சுற்றி இழுப்பதுமாக இருந்தார். எறியும்போது அவருடைய கையில் ஒரு அவசரமும் இல்லை. குணரத்தினத்துக்கும் ஒரு தூண்டில் தடியைக் கொடுத்து எப்படி எறிவது என்று காட்டினார். குணரத்தினத்தின் முதல் எறி என் தொப்பியைக் கொண்டுபோனது. இரண்டாவது எறி போட்டையே பிடித்தது.

வெயில் உச்சிக்கு வந்தது. புட்டும் கட்லட்டும் முடிந்தன. குணரத்தினத்தின் சப்பாத்துக்குள் தண்ணீர்.

"அப்ப இதுதான் அந்த மீன் பிடிக்கிற இடம்," என்றார் மெதுவாக.

"ஓம்."

"மீன் இல்லாத இடம்."

செபஸ்தியாம்பிள்ளை மறுபடியும் இரையை எறிந்தார். மகளுடைய மோதிரம் இந்தப் பச்சைத் தண்ணீருக்குள் எங்கேயோ கிடக்கிறது. அது மேலே வருகிறதாகத் தெரியவில்லை. மாதாவே, ஒன்று, ஒன்றே ஒன்று என்று வேண்டினேன். அதுவும் இவருடைய தடியில் என்று வேண்டினேன். மாதாவுக்கு வேறு எண்ணம்.

குணரத்தினத்தின் தடி வளைந்தது. மனிசன் அது பாறை என்று நினைத்து இழுத்தார். பாறை திருப்பி இழுத்தது. நூல் சீறிக்கொண்டு ஓடியது.

"ஐயோ! ஐயோ சம்பந்தி, இதென்ன செய்யுது?"

"விடாதேங்கோ! தடியை மேல பிடியுங்கோ! சுத்துங்கோ! இப்ப சுத்தாதேங்கோ!"

"சுத்துறதோ சுத்தாமல் விடுறதோ? ஒண்டைச் சொல்லும் ஐசே!"

ஒருநாளும் வாய் திறக்காத அந்த மனிசன் ஏரி முழுக்கக் கேட்கக் கத்தினார். மீன் தண்ணீரை உடைத்துக்கொண்டு மேலே பாய்ந்தது. வெண்கல நிறம், பக்கத்தில் கறுப்புப் பட்டைகள், சிவந்த கண். தலையை உதறிக்கொண்டு விழுந்து மறுபடி பாய்ந்தது. கடைசியில் செபஸ்தியாம்பிள்ளை குனிந்து அதன் கீழ்த்தாடையைப் பெருவிரலால் பிடித்துத் தூக்கி, முள்ளைக் கழற்றி, குணரத்தினத்தின் கையில் கொடுத்தார். முழங்கை அளவுக்கு இருந்தது. நான் குணரத்தினத்தின் கமராவில் படம் எடுத்தேன். கோட்டு நனைந்து, மயிர் கலைந்து, அந்த மனிசன் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். கலியாண வீட்டில்கூட அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"சரி," என்றார், மூச்சு வாங்கிக்கொண்டு. "பெட்டியைத் திறவும்."

"ஏன்?"

"புட்டுப் பெட்டி வெறுமையெல்லே? துவாயால மூடிக் கொண்டுபோவம். இதைக் கண்டால் கிறேஸ் வாய் திறக்கமாட்டா. உம்மட பிரச்சினை இண்டையோட முடிஞ்சுது."

நானும் பெட்டியைப் பார்த்தேன். பொய் சொல்லுவானேன், என் கை மூடிக்குப் போய்விட்டது.

"விடவேணும் சம்பந்தி," என்றார் செபஸ்தியாம்பிள்ளை.

"உமக்கு விசரோ? உம்மட மோளின்ர கலியாணம் இது!"

"எனக்குத் தெரியாதோ அது? கேளுங்கோ. ரெண்டு வருசமா நான் சொல்லிக்கொண்டு வாறன், கொண்டு வரக் கூடாது, அதாலதான் கொண்டு வாறேல்லை எண்டு. இண்டைக்கு இதைக் கொண்டு போனால் உங்கட மனிசி என்ன கேப்பா? கொண்டு வரலாம்தானே, அப்ப இவ்வளவு நாளும் ஏன் கொண்டு வரேல்லை எண்டு கேப்பா. நான் சொன்ன உண்மை முழுக்கப் பொய்யாப் போடும். அதோட, இது ஆண் மீன். கீழ முட்டைக்குக் காவல் நிக்கிறது. இதை எடுத்தால் சின்ன மீனுகள் வந்து முட்டையைத் துடைச்சுப்போடும்."

"தாய் எங்க?"

"முட்டையைப் போட்டிட்டுப் போட்டுது."

குணரத்தினம் மீனைப் பார்த்தார். மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. பிறகு அவர் குனிந்து, கோட்டுக் கை முழுக்க நனைய, அதைத் தண்ணீருக்குள் வைத்தார். கொஞ்சம் நேரம் அது அப்படியே நின்றது. வாலால் ஒரு அடி, அவருடைய முகம் முழுக்கத் தண்ணீர். போய்விட்டது.

"நான் பிடிச்சனான்," என்றார் குணரத்தினம் தன் கையைப் பார்த்து. திரும்பி வரும் வழி முழுக்க அதையே சொன்னார்.

கார்ட்டியர்வில்லில் படி ஏறி வீட்டுக்குள் போனால் கிறேஸ் இருக்கிறார். பக்கத்தில் அக்னெஸ் அக்கா. தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவராம். அவருடைய வீடு லொங்குய்யில், ஆற்றுக்கு அந்தக் கரை! தற்செயலாக மெற்றோ ஏறி, தற்செயலாக மாறி, தற்செயலாக பஸ் பிடித்து வந்திருக்கிறார்.

"மீன் எங்க?" என்றார் கிறேஸ்.

"விட்டிட்டன்," என்றார் குணரத்தினம்.

"ஆர் விட்டது?"

"நான்தான். நான் பிடிச்சனான். நான் விட்டனான். இவ்வளவு பெரிசு!"

அக்னெஸ் அக்கா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "தம்பி குணரத்தினம்," என்றார் இரக்கப்பட்ட குரலில். "நீருமோ?"

ஒரே ஒரு சொல். சாட்சிக்குப் போன மனிசனைக் குற்றவாளிக் கூண்டுக்குள் தள்ள ஒரே ஒரு சொல் போதும் இவர்களுக்கு.

குணரத்தினத்துக்கு விளங்க ஒரு நிமிசம் எடுத்தது. விளங்கினதும் காது சிவந்தது. கமராவை எடுத்துக் காட்டினார். கிறேஸ் பார்த்தார், அக்னெஸ் அக்காவும் எட்டிப் பார்த்தார்.

"இதும் அதே மீன்தான்," என்றார் அக்னெஸ் அக்கா.

"மணந்து பார்! என்ர கையை மணந்து பார்!" என்று குணரத்தினம் மனிசியின் முகத்துக்கு நேரே கையை நீட்டினார்.

கிறேஸ் மணந்தார். "மீன் மணக்குதுதான்."

"மத்தியானம் நான் கட்டிக் குடுத்தது மீன் கட்லட்," என்றார் சிசிலி அக்கா. அந்த மனிசிக்கு உண்மையை மறைக்கத் தெரியாது, அதுதான் அந்தக் குடும்பத்து வியாதி.

"பாத்தீரே கிறேஸ்," என்றார் அக்னெஸ் அக்கா. "நான் அப்பவே சொன்னனான். ஒருதர் போற பாதையில மற்றவையும் போவினம். நாளைக்குச் சனம் என்ன சொல்லப்போகுதோ தெரியாது."

நான் கிறேஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த முகத்துக்குள் கணக்கு ஓடியது அப்படியே தெரிந்தது. செபஸ்தியாம்பிள்ளை பொய் என்றால் தன் புருசனும் பொய். செபஸ்தியாம்பிள்ளைக்குச் செம்பட்டைத் தலைமயிர்க்காரி என்றால், நாளைக் காலைப் பூசைக்குள் குணரத்தினத்துக்கும் ஒருத்தி தயார். அவள் என்ன நிறம் என்பதைத் தீர்மானிக்கப் போகிறவர் இதோ பக்கத்துக் கதிரையில் தேத்தண்ணி குடிக்கிறார்.

"அக்னெஸ் அக்கா," என்றார் கிறேஸ். குரல் மாறியிருந்தது. "என்ர மனுசன் மீன் பிடிச்சவர். பிடிச்சிட்டு விட்டவர். அந்த ஏரியில இந்த மாசம் அதுதான் சட்டம். ஸ்போர்ட் அது. உங்களுக்கு விளங்காத விசயத்தில வாய் வையாதேங்கோ. நாளைக்கு மண்டபத்தில ஆரும் ஒரு சொல்லுச் சொன்னால், அது எங்கயிருந்து வந்தது எண்டு எனக்குத் தெரியும்."

அக்னெஸ் அக்காவின் வாய் திறந்தபடி நின்றது. பாட்டு வரவில்லை.

"அப்ப என்ர மனுசன்?" என்று கேட்டார் சிசிலி அக்கா.

கிறேஸ் அந்தப் பக்கம் திரும்பாமல் சொன்னார். "அவரும்தான்."

அவரும்தான்! இரண்டு வருசம் ஒரு மனிசனைத் துவைத்துக் காயப்போட்டதற்கு 'அவரும்தான்' என்று ஒரு சொல். உண்மை உண்மையாக இருந்தபோது ஒருத்தரும் நம்பவில்லை. பொய் தங்கள் வீட்டுக் கதவைத் தட்டின பிறகு எல்லாருக்கும் சட்டம் விளங்கிவிட்டது. றொஷினி தகப்பனின் தோளில் தலையை வைத்து அழுதாள். அவர் அவளுடைய தலையைத் தடவினார்.

ஜூனில், சொன்ன நாளில் மண்டபத்தில் மோதிரம் மாற்றினார்கள். டனிஸ்ரன் மோதிரத்தை முதலில் பிழையான விரலில் போடப் பார்த்தான். றொஷினி சிரித்தாள். அக்னெஸ் அக்கா பாட்டுக்குழுவோடு நின்று மாதா பாட்டுப் பாடினார், நல்லாய்த்தான் பாடினார். குணரத்தினம் ஒரு மேசையைச் சுற்றி ஆட்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு இரண்டு கையையும் அகட்டி மீனின் நீளம் காட்டினார். போன மாதத்தை விட அது நல்லாய் வளர்ந்திருந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். இதே தலைகள்தான் ஒரு மாதம் முந்தி மற்றப் பக்கம் ஆடினவை. நான் ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தேன். ஒருத்தராவது செபஸ்தியாம்பிள்ளையிடம் வந்து, பிழையாக நினைத்துவிட்டோம் அண்ணை என்று சொல்லட்டும் பார்ப்போம் என்று. வந்து கை கொடுத்தார்கள், சாப்பாடு நல்லம் என்றார்கள், போனார்கள்.

கடைசியாகக் கிறேஸ் வந்தார். பட்டுச் சேலை, கையில் ஒரு தட்டில் கேக்.

"அண்ணை, இனி நாங்கள் ஒரு குடும்பம். பழசு ஒண்டையும் மனசில வையாதேங்கோ."

செபஸ்தியாம்பிள்ளை கிறேஸை நிமிர்ந்து பார்த்தார். மண்டபத்தில் பாட்டுச் சத்தம், ஆனாலும் அவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"வைப்பன்," என்றார்.

பிறகு தட்டை வாங்கி, கேக்கை ஒரு துண்டு மிச்சம் வையாமல் சாப்பிட்டார்.